கறுப்பு பானெட்டில் மூன்று பட்டைகள்

காருக்கு ஸ்ப்ரே சீலண்ட், அதாவது பெயிண்டின்மேல் தண்ணீர் ஒட்டாமல் காக்கும் பூச்சு, அடிக்கும் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: சரியாகச் செய்தால் யார் கண்ணுக்கும் தெரியாது, தப்பாகச் செய்தால் முதல் மழையிலேயே ஊருக்கே தெரிந்துவிடும்.

முதலாளி தொண்டையைக் கனைத்தாலே கையில் இருப்பதைக் கீழே போடும் சக பயந்தாங்கொள்ளிகளே, இது உங்களுக்காக. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்து ரிசல்ட்டுக்குக் காத்திருந்தபோது, கொல்கத்தாவின் டாலிகஞ்சில் என் குமார் மாமா நடத்தும் கார் பாலிஷ் கடைக்கு அம்மா என்னை அனுப்பி வைத்தாள். போன் எடுப்பது, வண்டி நம்பர் எழுதுவது, வருகிறவர்களை உட்காரச் சொல்வது, இவ்வளவுதான் வேலை. ஆனால் எனக்கு வேறொரு வேலையும் தெரியும். யாராவது இரண்டு வாக்கியம் பேசினால் மூன்றாவதை அவர் குரலிலேயே நான் பேசிவிடுவேன். மெட்ரோவில் அறிவிப்புச் சொல்லும் பெண்மணி, கெமிஸ்ட்ரி மிஸ், நாங்கள் மாஷி என்று கூப்பிடும் மீன்காரி, யாரும் தப்பியதில்லை. மாமாவின் குரலும் கைவசம் இருந்தது. அவர் எதிரில் மட்டும் பேசிக் காட்டியதில்லை. எனக்கும் உயிர்மேல் ஆசை உண்டு.

செத்த பானெட்

மழைக்காலத்துக்கு முன்னால் எல்லா வண்டிக்கும் அடிக்க ஒரு ஸ்ப்ரேயைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று மாமா மூன்று கம்பெனி சாம்பிள்கள் வாங்கி வைத்திருந்தார். முதலாவது பால் மாதிரி இருக்கும், தேங்காய் வாசனை அடிக்கும், ஒரே துணியில் துடைத்துவிடலாம். இரண்டாவது தண்ணீர் மாதிரி. ஒரு துணியால் பரப்பி, நிமிஷத்துக்குள் இன்னொரு காய்ந்த துணியால் தேய்க்காவிட்டால் எண்ணெய்க் கறை போல நிற்கும். மூன்றாவது சோம்பேறிகளுக்கு: ஈர வண்டிமேல் அடித்து உடனே தண்ணீர் பீய்ச்சிவிட்டால் முடிந்தது.

மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்க, சுவரில் சாய்த்து வைத்திருந்த, ஒரு பழைய காரிலிருந்து கழற்றிய பானெட்டை, அதாவது எஞ்சின் மூடியைக் காட்டினார் மாமா. அது வெயிலில் வெளுத்து, ஓரமெல்லாம் துரு. கஸ்டமர் வண்டியில் சோதனை செய்யக் கூடாது என்பது கடையின் சட்டம். பாபி-தா, அதாவது பாபி அண்ணன், நான் பிறப்பதற்கு முன்பிருந்தே மாமாவிடம் வேலை பார்ப்பவர். மாமாவிடம் கற்ற தமிழில் தன் வங்காளத்தைக் கலந்து பேசுவார்; அண்ணன் என்ற பொருளில் மாமாவை 'தாதா' என்பார், பெண்பிள்ளையான என்னை 'மா' என்பார். மூன்றையும் பட்டை பட்டையாக அடித்துவிட்டு, தண்ணீர் ஊற்றி, உதட்டைப் பிதுக்கினார்.

"ஆரே மா, செத்தவன் மூஞ்சில மூணு கிரீம் தடவி எது நல்ல கிரீம்னு கேட்டா என்ன சொல்றது?"

டார்ச் லைட் கஸ்டமர்

அந்த வாரம்தான் பக்கத்துப் பேட்டையான பாலிகஞ்சிலிருந்து சேஷாத்ரி சாரின் கறுப்புக் கார் வந்தது. பாங்கில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்து ரிடையர் ஆனவர். ரிடையர் ஆனது அவருக்கு மட்டும்தான் தெரியாது. பட்டப்பகலில் டார்ச் அடித்துக்கொண்டு வண்டியை மூன்று சுற்றுச் சுற்றுவார். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கீறலைக் கண்டுபிடித்து, அது முன்பே இருந்ததா என்று நம்மைக் கேட்பார். இல்லாத கீறலுக்கு நான் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் மாமா பாபி-தா பக்கம் திரும்பினார். போன மாதம் ஒரு டாக்டரின் வெள்ளைக் காரில் பாபி-தா தன்னிஷ்டத்துக்கு ஒரு புது பாலிஷைப் போட்டுப் பார்த்ததில், கதவு பூராவும் மேகம் மேகமாகத் திட்டு விழுந்திருந்தது. அந்தக் கோபம் மாமாவுக்கு ஆறவேயில்லை. பாபி-தாவுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு. வேறு வேலை எதுவும் தெரியாது. மாமா கனைத்தார். நான் வண்டி நம்பர் எழுதுவது போலக் குனிந்துகொண்டேன்.

"இன்னொரு தடவை கஸ்டமர் வண்டில உன் புத்திசாலித்தனத்தைக் காட்டினா, அன்னியோட நீ வேற கடை பாத்துக்கலாம், பாபி."

இன்டர்காம்

மறுநாள், வியாழக்கிழமை, மாமா வண்டி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணி வாங்க கங்கைக்கு அக்கரையில் ஹவுரா போனார். பின்பக்கம் வண்டி கழுவிக்கொண்டிருந்த பாபி-தாவுக்கு, பிரஷர் பம்ப் சத்தத்தில் அவர் போனது தெரியாது. மாடியில் மாமாவின் கண்ணாடி அறை காலி. மேஜைமேல் இன்டர்காம். என் நிலைமையில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? சும்மா இருந்திருப்பீர்கள். நான் எடுத்தேன்.

இரண்டு முறை கனைத்தேன். "பாபி, அந்தத் துருப் பானெட்ல ஒண்ணும் தெரியலை. சேஷாத்ரி சார் வண்டி பானெட்லயே டேப் ஒட்டி மூணையும் அடிச்சுப் பாரு." கஸ்டமர் வண்டியிலா என்று அலறிக்கொண்டு மாடி ஏறி வருவார், வாசலில் என்னைப் பார்த்து முகம் போகும் போக்கை ரசிக்கலாம் என்பது என் திட்டம். அவர் வருவதற்குள் கீழே ஒரு அம்மாள் வந்து, தன் வண்டியைக் கீறியது எதிர்வீட்டுப் பூனையா பையனா என்று என்னிடம் அரைமணி நேரம் விசாரணை நடத்தினார். அவரை அனுப்பிவிட்டுப் பின்பக்கம் போனால், பாபி-தா கறுப்பு பானெட்டிலிருந்து கடைசி டேப்பை உரித்துக்கொண்டிருந்தார்.

பாபி-தா வேலையில் குறையே இல்லை. மூன்று பட்டையையும் அதனதன் முறைப்படி பூசியிருந்தார். விளையாட்டுக்குச் சொன்னேன் என்று வாயைத் திறக்கப் போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வாளியை நகர்த்தப் போய்விட்டேன். பல நாளாகச் சுருங்கிக் கிடந்த முகம் அன்றைக்குத்தான் சிரித்தது.

"டாக்டர் வண்டிக்கு அப்புறம் தாதா என்கிட்ட சரியா பேசவே இல்லை. இன்னைக்கு அவரே கூப்பிட்டு, என்னை நம்பி இந்த வண்டில செய்யச் சொன்னாரு, மா."

மேகம் எண்ணுதல்

காய்ந்திருக்கும்போது மூன்று பட்டைகளும் ஒன்றுதான். எந்த டார்ச்சுக்கும் தெரியாது. நனைந்தால்தான் ஒவ்வொன்றும் தன் குணத்தைக் காட்டும். எடுத்துவிடலாம் என்றால் பானெட் முழுவதையும் மெஷின் வைத்துத் தேய்க்க வேண்டும். மெஷின் சத்தம் கேட்டால் மாமா வந்துவிடுவார். உண்மையைச் சொல்லலாம் என்றால், அது மெஷினைவிடப் பெரிய சத்தம். அது வைகாசி மாதம். கொல்கத்தாவில் சாயங்காலம் திடீரென்று வானம் கறுத்து, கால்பைசாகி என்று புயல்மழை கொட்டும் காலம். இரண்டு நாளாக நான் யார் குரலிலும் பேசவில்லை. எனக்கு ஜுரமா என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

சனிக்கிழமை மதியம் கங்கைப் பக்கம் கருப்பாக ஒன்று எழும்பியது. மாமா கடையில் இல்லை. சேஷாத்ரி சாரை மட்டும் ஞாயிறு காலை வரச் சொல்லிவிட்டால் மழை தாண்டிவிடும் என்று பயத்தில் புத்தி போனது. கடை போனில் அவரைக் கூப்பிட்டு, கனைத்து, மாமா குரலில் சொன்னேன்: "சார், இன்னிக்கு வேண்டாம், கோட்டிங் இன்னும் காயலை, நாளைக்கு வாங்கோ." அந்தப் பக்கம் காபி உறிஞ்சும் சத்தம். பிறகு டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம். மாமா அவரை அழைத்துவரப் போயிருக்கிறார் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

"குமார் என் எதிர்ல உக்காந்து காபி சாப்பிட்டுண்டிருக்கானே, நீ யாருப்பா பேசறது?"

மழை

போனை வைத்துவிட்டு மேஜைக்கடியில் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் இருவரும் வந்து இறங்கினார்கள். என்னைத் திட்டுவார்கள் என்று பார்த்தால், கதை வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. "இப்பல்லாம் குரலையே கம்ப்யூட்டர்ல பண்ணிடறா, குமார். உன் கடை நம்பரையும் திருடியிருக்கா. நேரா சைபர் போலீஸ்ல எழுதிக் குடுத்துடுவோம்" என்றார் சேஷாத்ரி சார். மாமா தலையை ஆட்டினார். போலீஸ் என்ற சொல்லைக் கேட்டதும் ஓடிவிடலாமா என்று மேஜைக்கடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தேன்.

பாபி-தா பெருமையாகக் கறுப்புக் காரை முற்றத்துக்கு எடுத்து வந்து நிறுத்தினார். முதல் காற்று டேப் துண்டுகளைச் சுழற்றியது. மழை கொட்டியது. இடது பக்கம் தண்ணீர் கடுகு கடுகாக உருண்டு நின்றது. நடுவில் ஒரு துளியும் நிற்காமல் கண்ணாடி போலச் சரிந்து ஓடியது. வலது பக்கம் தட்டில் ஊற்றிய பருப்பு மாதிரி அப்படியே தேங்கியது. பட்டைகளுக்கு இடையே ஸ்கேல் வைத்துப் போட்டது போல இரண்டு கோடுகள். சேஷாத்ரி சார் குடைக்குள்ளிருந்து டார்ச்சை எடுத்தார். இடமிருந்து வலமாக ஒருமுறை, வலமிருந்து இடமாக ஒருமுறை வெளிச்சம் போனது.

"குமார், என் பானெட்ல ஏன் மூணு ஊர் மழை பெய்யறது?"

சொந்தக் குரல்

மாமா பாபி-தாவைப் பார்த்தார். பாபி-தா மாமாவைப் பார்த்தார். "நீங்கதானே தாதா, வியாழக்கிழமை இன்டர்காம்ல சொன்னீங்க?" என்றார். "வியாழக்கிழமை நான் ஹவுராவுல இருந்தேன்" என்றார் மாமா. பாபி-தாவின் பேச்சை யார் நம்பப் போகிறார்கள்? இடுப்பிலிருந்த ஏப்ரனின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். ஈரக் கயிறு, அவிழவில்லை. அவர் விரல்கள் அதோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"நான்தான் மாமா சொன்னேன்" என்றேன். "அவனைக் காப்பாத்தறதுக்குப் பொய் சொல்லாதே, உள்ளே போ" என்றார் மாமா. வேறு வழி இல்லை. கனைத்தேன், இரண்டு முறை, அவர் எதிரிலேயே. "பாபி, அந்தத் துருப் பானெட்ல ஒண்ணும் தெரியலை" என்று ஆரம்பித்து, வியாழக்கிழமை சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். குரல் நடுங்கியது. நடுங்கியது மட்டும்தான் என்னுடையது. மாமா ஏதோ சொல்லக் கனைக்க வந்தவர், பாதிக் கனைப்பில் நிறுத்திக்கொண்டார்.

"டெலிபோன்லயும் இதேதான்!" என்று டார்ச்சை என் முகத்துக்கு நேரே பிடித்தார் சேஷாத்ரி சார். "சரி, போலீஸ் வேண்டாம். நடுப்பட்டை நன்னாயிருக்கு, வண்டி பூரா அதையே அடிச்சுக் குடு." மாமா குனிந்து பாபி-தாவின் ஏப்ரன் முடிச்சைத் தன் கையாலேயே இறுக்கிக் கட்டினார். மன்னிப்பெல்லாம் அவருக்கு வாயால் வராது. மறுநாள் முழுக்க, மற்ற இரண்டு பட்டைகளையும் தேய்த்து எடுத்தது நான். மெஷின் தரவில்லை, கையால். பாபி-தா பக்கத்தில் நின்று பார்த்தார், துணியை எப்படிப் பிடிப்பது என்று ஒரே ஒரு முறை காட்டினார், சிரிக்கவில்லை. சாயங்காலம் இன்டர்காம் அடித்தது. அவர் எடுக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, மாடிப்படி ஏறி, கண்ணாடி வழியாக மாமாவின் முகத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, இறங்கி வந்து என்னிடம் நின்றார்.

"இனிமே நீ உன் சொந்தக் குரல்ல கூப்பிட்டாலும் நான் வந்து மூஞ்சியைப் பாத்துட்டுதான் நம்புவேன், மா."

மூன்று ஸ்ப்ரேக்களையும் நியாயமாக ஒப்பிட்டதில் எங்களுக்குத் தெரியவந்தது இதுதான்: மூன்றுமே மழையைத் தாங்கின, ஒரு மழைகூடத் தாங்காதது நான் மட்டுமே.