நடுவில் ஒரு ராமசுவாமி

எழுபத்தொன்றாம் வருஷச் சண்டையில் திருமுல்கேரி கனகத்துக்குப் பாகிஸ்தானைவிட அதிகக் கோபம் யார்மேல் தெரியுமா? சங்கரன்கோயில் பக்கத்து ராமசுவாமி என்ற சிப்பாய்மேல். இத்தனைக்கும் அவன் முகத்தைக்கூட அவள் பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். அவளுடைய ஒரே பிள்ளை வேதாசலம் ராஜஸ்தான் எல்லையில் சிப்பாயாக இருந்தான். மூன்று தலைமுறையாகத் தெலுங்கு தேசத்தில், திருமுல்கேரி ராணுவக் கன்டோன்மென்டில் இருக்கிற குடும்பம். பையன் பள்ளியில் படித்ததெல்லாம் தெலுங்கும் இங்கிலீஷும். வீட்டில் தமிழ் பேசுவானே ஒழிய, ஓர் எழுத்துப் படிக்கத் தெரியாது. கனகத்துக்கோ தமிழைத் தவிர வேறெதுவும் எழுத வராது. "நக்கோம்மா, இப்ப வேணாம், அப்புறம் கத்துக்கறேன்" என்று ஓடியவனை அன்றைக்கே பிடித்து உட்காரவைக்காமல் போனோமே என்று இப்போது தலையில் அடித்துக்கொண்டாள்.

கணவர் பழனிசாமி டிப்போவில் கிளார்க். அவரை எழுதச் சொன்னால், எல்லாரும் சௌக்கியம் என்று இங்கிலீஷில் நாலே வரி எழுதி மடித்துவிடுவார்.

"ஏங்க, பிள்ளைக்கு எழுதறீங்களா, மேனேஜருக்கு லீவு கேக்கறீங்களா?"

ஆகவே அவளே தமிழில் எழுதினாள். அதை அங்கே அவன் கூட இருந்த ராமசுவாமி வாசித்துக் காட்டுவான். 'வயித்துக்கு ஒத்துக்குதாடா?' என்று அவள் கேட்டிருந்ததைப் படித்துவிட்டு அவன் விழுந்து விழுந்து சிரித்தானாம். மகன் இங்கிலீஷில் அப்படிப் பதில் போட்டதைப் பழனிசாமி படித்துச் சொன்னதும் கனகத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சிரிக்க என்ன இருக்கு இதில்?

அதற்கப்புறம் பேனா பழையபடி ஓடவில்லை. குழாயடிச் சண்டை, வெள்ளைக்கோழி குஞ்சு பொரித்தது, அவன் சைக்கிளை அப்பா எடுத்துக்கொண்டு போய் கேரியரை உடைத்தது, எல்லாம் எழுதினாள். 'சோறு போடும்போது உன் தட்டையும் எடுத்து வச்சிடறேன், வந்துடுடா கண்ணு' என்பதை மட்டும் எழுதவில்லை. ஊரான் வீட்டுப் பிள்ளை வாயால் அதைச் சொல்லவைப்பதா? ஒரு தடவை பொறுக்கமாட்டாமல், 'தம்பி ராமசுவாமி, சிரிக்காம வாசிப்பா' என்று ஓரத்தில் எழுதியே விட்டாள்.

கடைசியில் எதிர்வீட்டு டீச்சர் லூர்துமேரியிடம் தெலுங்கு எழுத்துப் படிக்கப் போய் உட்கார்ந்தாள். கனகத்துக்குத் தெலுங்கு பேச வரும், எழுத்துதான் தெரியாது. தமிழ்ப் பேச்சைத் தெலுங்கு எழுத்தில் எழுதினால் பிள்ளை தானே படித்துக்கொள்வான் அல்லவா?

"இந்த வயசுல கைக்கு அக்கா, எதுக்கு இந்தக் கஷ்டம்?" என்று லூர்துமேரி சிரித்தாள்.

"அந்த ராமசுவாமியோட தயவு இனிமே எனக்கு வேணாம்" என்றாள் கனகம்.

டிசம்பரில் சண்டை மூண்டது. ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப் பழகினாள். சண்டை நின்றுவிட்டது என்று ரேடியோ சொன்னது. வேதா இருக்கிறானா என்று அது சொல்லவில்லை. அந்த நாட்களில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பினாலே வாசலுக்கு ஓடுவாள்.

ஒரு வழியாகக் கடிதாசி வந்தது. பழனிசாமி பிரித்துப் பார்த்து, "நல்லா இருக்கான், உன் பிள்ளை நல்லா இருக்கான்" என்றார். கனகம் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். மீதியைப் படித்துச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

'ராமசுவாமி போயிட்டான்மா. உன் கடைசிக் கடிதாசியைப் படிக்க ஆளில்லை. அவனோட அம்மாவுக்கு எழுதப் படிக்க வராது, அதனால அவனுக்குக் கடிதாசியே வராது. உன்னோடதைத்தான் ரெண்டு ரெண்டு தடவை வாசிப்பான். தம்பின்னு நீ எழுதின தாளை மட்டும் என்கிட்ட திருப்பித் தரமாட்டேன்னுட்டான்.'

"பாவி நான்! அந்தப் பிள்ளையையா இத்தனை நாள் கரிச்சுக் கொட்டினேன்?" கனகம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் இன்லண்ட் லெட்டரை விரித்தாள். தெலுங்கு எழுத்து கோணல்மாணலாக வந்தது. இப்போது நடுவில் யாரும் இல்லை. இத்தனை மாதமாகத் தொண்டையில் நின்றதை எழுதலாம். 'வந்துடுடா' என்று எழுதப் பேனாவை வைத்தாள். அப்படி எழுத இனிமேல் பிள்ளையே இல்லாத இன்னொருத்தியின் நினைப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு எழுதினாள்.

'வேதா, ராமசுவாமி வீட்டு விலாசத்தை உடனே அனுப்பு. அவங்கம்மாவுக்குத்தான் படிக்க வராதே, நான் நேர்லயே போறேன்.'