அம்மா பெயரில் ஒரு கணக்கு

ஆவடி குவார்ட்டர்ஸில் ஜாமீன் கையெழுத்து என்பது ஒரு டம்ளர் காப்பித்தூள் கைமாற்று வாங்குவது மாதிரி. ஒரே ஷிஃப்ட்டில் வேலை பார்ப்பவன் வந்து நின்றால் இல்லையென்று சொல்ல யாருக்கும் வாய் வராது. இன்றைக்கு அவனுக்கு நான், நாளைக்கு எனக்கு அவன். ராணுவத் தொழிற்சாலையில் அப்பாவுக்குப் பக்கத்து மெஷினில் நின்றவர் கரையான்சாவடியில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் கடன் வாங்கினார். அப்பா ஜாமீன் போட்டார். தாளைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. படித்தால் நண்பர் மனசு நோகுமாம். அந்த நண்பர் கொஞ்ச நாளில் வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு காணாமல் போனார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை எங்களுடையது.

பூந்தமல்லி கோர்ட்டில் அப்பாவுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தபோது அவர் ஓய்வு பெறும் நேரம். பி.எஃப்., கிராஜுவிட்டி என்று வரப்போகிற பணத்தை நம்பித்தான் அக்கா கல்யாணம் காத்திருந்தது. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. பணம் அப்பாவின் வங்கிக் கணக்கில் கிடந்தால் ஃபைனான்ஸ்காரர் கோர்ட் மூலமாக அதை முடக்கிவிடுவார், அக்கா வீட்டோடு இருந்துவிட வேண்டியதுதான்.

வக்கீல் ஒருவர் வழி சொன்னார். "வர்ற பணத்த சம்சாரம் பேர்ல போட்டுடுங்க. ஆனா ரெண்டு பேரும் ஒரே ஊட்ல இருந்தா, இது புருஷன் பணம்தான்னு அங்கயும் வந்து நிப்பான். நீங்க தனியா பூடணும். சண்ட போட்டுகினு பூட்டாருன்னு ஊரே நம்பணும்."

இந்த நாடகமெல்லாம் கோர்ட்டில் ஒரு நாள்கூட நிற்காது என்று பல வருடம் கழித்து வேறொரு வக்கீல் என்னிடம் சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்ததை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. எங்களுக்கு அன்றைக்கு அதைத் தவிர வேறு வழி தெரியாது.

செக் பணமான அன்றே எடுத்து அம்மா பெயரில் புதுக் கணக்கில் போட்டோம். ரேஷன் கார்டில் அப்பா பெயரை அடித்தோம். அடுத்து சண்டை. அப்பாவுக்குச் சத்தம் போடத் தெரியாது. குவார்ட்டர்ஸ் மொத்தமும் பார்க்க வாசலில் நின்று, "இனிமே இந்த ஊட்டு வாசப்படி மிதிச்சா கேளு" என்று கத்தியவர், போகும்போது பழக்கதோஷத்தில் வெளிக்கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டுப் போனார். அம்மா உள்ளே நின்று அழுதாள். அது மட்டும் நடிப்பில்லை.

அப்பா நூம்பலில் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் அறைக்குப் போனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்த பிறகு அம்மாவும் அக்காவும் நானும் பட்டாபிராமில் வாடகை வீட்டுக்குப் போனோம். எனக்கு அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. புது வீட்டுத் தெருவுக்கும் கதை எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் அம்மாவிடம் ஆறுதல் சொன்னார்கள். "மாங்காட்டுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழம் வெச்சுகினு போ. அம்மன் கண் தொறப்பா. உன் ஊட்டுக்காரரு தானா வந்து நிப்பாரு பாரு."

அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் போனாள். ஆறு வாரம் முடிந்ததும் மறுபடி ஆறு வாரம். கூடையில் மேலே எலுமிச்சம்பழம், அடியில் அப்பாவுக்குத் தயிர்சாதமும் மாவடுவும். கோயிலுக்கு வெளியே இருவரும் முன்பின் தெரியாதவர்கள் மாதிரி தள்ளித் தள்ளி உட்காருவார்கள். ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். அப்பாவின் சட்டை தோளில் தொங்கியது. அம்மா கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நேரத்துக்கு சாப்புடறீங்களா?"

"சாப்டுகினுதான் கீறேன். டப்பாவ எடுத்து உள்ள வையி. யார்னா பாத்துடப் போறாங்க."

அவ்வளவுதான் பேச்சு. முப்பது வருடம் குடும்பம் நடத்தியவர்கள் திருட்டுத்தனமாகச் சந்தித்து ஒரு டப்பா சோற்றைக் கைமாற்றிக்கொண்டார்கள். எனக்கு அந்தப் பணத்தின் மேலேயே வெறுப்பு வந்தது. அதை வெளியே சொல்ல முடியாது, அக்கா காதில் விழும்.

கல்யாணம் முடிந்ததும் அப்பா வீட்டுக்கு வந்துவிடுவார் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் அமைந்த மாப்பிள்ளையின் சித்தப்பா கரையான்சாவடியில் கடை வைத்திருந்தார், ஃபைனான்ஸ் கம்பெனிக்கு இரண்டு கடை தள்ளி. அதனால் சம்பந்தி வீட்டிலும் அதே பொய்யைச் சொல்ல வேண்டியதாயிற்று. "புருஷன் உட்டுட்டுப் போயும் புள்ளைங்கள நல்லா வளத்துருக்கீங்க" என்று மாப்பிள்ளையின் அம்மா என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இனி அப்பா எந்த முகத்தோடு திரும்பி வருவார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அம்மா அவரைக் கல்யாணத்துக்கு வர வேண்டாம் என்று கெஞ்சியிருந்தாள். மண்டபத்துக்கும் சமையலுக்கும் தர வேண்டிய பாக்கிப் பணம் இன்னும் அம்மா கணக்கில்தான் இருந்தது, குட்டு உடைந்தால் அதுவும் முடங்கிவிடும். பழைய குவார்ட்டர்ஸ் ஆட்கள் யாரையும் நாங்கள் அழைக்கவில்லை. பெரியப்பாவும் பெரியம்மாவும் மணையில் உட்கார்ந்து அக்காவைத் தாரை வார்த்துக் கொடுத்தார்கள். அட்சதை போடும்போது கடைசி வரிசையில் அப்பா நிற்பதைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், புதுசு. தாலி ஏறியதும் கூட்டத்தோடு கூட்டமாகக் கையை உயர்த்தி அரிசியைத் தூவினார். அக்கா குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. அவர் வந்தது அவளுக்குத் தெரியாது.

போய்விடுவார் என்று நினைத்தேன். ஆனால் பந்தியில் உட்கார்ந்துவிட்டார். பசித்திருக்கும். அல்லது மகள் கல்யாணச் சாப்பாடு, எப்படிச் சாப்பிடாமல் போவார்? அவர் பக்கத்து இலையில் மாப்பிள்ளையின் சித்தப்பா வந்து உட்கார்ந்தார். நான் சாம்பார் வாளியோடு அந்த வரிசைக்கு வந்துகொண்டிருந்தேன்.

"நீங்க பொண்ணு ஊடா, மாப்ள ஊடா?" என்று சித்தப்பா அப்பாவைக் கேட்டார்.

"பொண்ணோட அப்பாகூட ஃபேக்டரில வேல செஞ்சவன்."

"அந்த ஆளா! பொண்டாட்டி புள்ளைங்கள நட்டாத்துல உட்டுட்டுப் பூட்டானாமே. இன்னா மனுசன் அவன்?"

அப்பா இலையில் சோற்றுக்கு நடுவே குழி பண்ணிக்கொண்டே இருந்தார்.

"ஆமாங்க. சொல்லிக்கிற மாதிரி ஆளு இல்ல," என்றார். "பொண்ணு தங்கம்."

நான் அதற்குள் அப்பாவின் இலைக்கு முன்னால் வந்துவிட்டிருந்தேன். அந்த இடத்திலேயே வாளியைக் கீழே வைத்துவிட்டு, இவர்தான் எங்கப்பா, அவர் எங்கேயும் ஓடவில்லை என்று மண்டபம் முழுக்கக் கேட்கும்படி கத்தவேண்டும் போல் இருந்தது. அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் சாம்பாரை ஊற்றினேன். அவர் கையை இலைக்கு மேலே நீட்டித் தடுத்தார்.

"போதும் தம்பி. அவருக்கு ஊத்து."

சித்தப்பாவின் இலைக்கு நகர்ந்து, அவருக்கும் ஊற்றினேன்.