சுவரில் ஓடிய கொடி

கோயம்புத்தூர் ஜில்லாவில் முளைத்த எந்த இலையும் ரம்லாவின் தாளுக்குத் தப்பியதில்லை. ஓடுகிற ஆற்றைப் பிடித்து நிறுத்தி அதன் சுழியைப் படி எடுத்தவள் அவள். யானையைப் படுக்கவைத்து அதன் காதோரத்தை அளவெடுத்தவள். சரி, கொஞ்சம் கூடத்தான் போய்விட்டது. ஆற்றில் அவள் எடுத்தது, கொடுமுடியில் தண்ணீர் இறங்கிய பிறகு மணலில் கிடந்த வரிகளை. யானையிடம் அவள் எடுத்தது, தடாகம் பக்கம் ஒரு வாழைத்தோட்டத்துச் சேற்றில் அது விட்டுப்போன ஒற்றைக் காலடியை. அதிலும் தாள் நடுவில் கிழிந்துபோனது. ஆனால் இலை விஷயத்தில் சொன்னது பெரிய பொய் இல்லை.

துடியலூரில், ஒரு மருந்துக்கடையின் மாடியில், ரம்லா ஆரி வேலைக் கடை வைத்திருந்தாள். கல்யாணப் பெண்களின் ரவிக்கைத் துணியைக் கட்டில் மாதிரியான மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, கொக்கிமுனை ஊசியால் ஜரிகையும் மணியும் கோத்துப் பூவேலை செய்கிற கடை. சட்டத்தின் ஒரு பக்கம் ரம்லா, எதிர்ப்பக்கம் அவளுடைய தம்பி மனைவி ஃபஹீமா. ஃபஹீமா அதிகம் பேசமாட்டாள். பேசினால் அது பெரும்பாலும் கணக்காக இருக்கும்.

மற்ற கடைக்காரர்கள் செல்போனில் டிசைன் தேடுவார்கள். ரம்லாவுக்கு அது ஒத்துவரவில்லை. கைப்பையில் எப்போதும் ஒரு சுருள் பட்டர் பேப்பர் இருக்கும். கண்ணில் ஏதாவது பட்டால் தாளை அதன்மேலேயே விரித்து, பென்சிலால் கோட்டை அப்படியே எடுத்துவிடுவாள். தென்னை மட்டையின் பன்னாடை ஒரு முழங்கைக்கு ஆனது. தீய்ந்துபோன தோசையின் ஓரம் ஒரு மணப்பெண்ணின் முதுகுக்கு ஆனது. அந்தப் பெண்ணிடம் மட்டும் அதைச் சொல்லவில்லை. "என் மண்டைக்குள்ள ஒண்ணுமே இல்லீங்க, எல்லாம் வெளியதான் கெடக்குது. நான் எடுத்துட்டு வாரேன், அவ்வளவுதான்" என்பாள். கடைக்கு வந்ததும் கோட்டின் மேலேயே ஊசியால் வரிசையாக ஓட்டை போட்டு, தாளைத் துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைத் தேய்ப்பார்கள். துணியில் புள்ளி புள்ளியாகக் கொடி இறங்கிவிடும். ஒவ்வொரு தாளின் மூலையிலும் தேதியும் இடமும் எழுதி வைப்பது ரம்லாவின் வழக்கம். எதற்கென்று அவளுக்கே தெரியாது.

ஜூலை மாதம் ஒரு சொந்தக்காரர் விருந்துக்காக அழகிரிசாமியின் கல்யாண மண்டபத்துக்குப் போயிருந்தாள். முன்னால் பெரிய ஹால், பின்னால் சாப்பாட்டுக் கூடம். சாப்பிட்டுக் கை கழுவப் போனவள் குழாயைத் திறந்தபடி நின்றுவிட்டாள். தொட்டிக்கு மேலே, வெள்ளைச் சுவரில், தலைமுடி அளவுக்கு ஒரு கோடு கிளம்பி, வளைந்து, இரண்டாகப் பிரிந்து, பிரிந்ததில் ஒன்று மறுபடி பிரிந்து மேலே போயிருந்தது. எந்தக் கையும் அப்படி ஒரு வளைவைப் போடாது. அவரைக்கொடி பந்தல் தேடிப் போகிற மாதிரியும் இருந்தது, வயதானவர் புறங்கை நரம்பு மாதிரியும் இருந்தது.

ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டுத் தாளை எடுத்துச் சுவரில் ஒட்டினாள். பின்னால் வரிசையில் நின்ற ஒரு பெரியவர், "ஏனுங் அம்மணி, மூஞ்சி பாக்கற கண்ணாடி அந்தப் பக்கம் இருக்குதுங்க" என்றார். ரம்லா காதில் வாங்கவில்லை.

அந்தக் கொடி ஓடிய ஓட்டம் சாதாரணமானதல்ல. மூன்று மாதத்தில் பதினொரு ரவிக்கை.

பன்னிரண்டாவதாகக் கேட்டு வந்தவள் கிருபா, ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிற பெண். கூட வந்த அப்பா பிரான்சிஸ் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் தோட்டத்தில் வேலை செய்த குடும்பத்தில் முதன்முதலாக ஒரு கல்யாணத்துக்கு மண்டபம் பிடித்திருக்கிறார். அந்தப் பெருமையில் பேசும்போதே தோள் நிமிர்ந்தது.

"மணிக்கட்டுல கெளம்பித் தோள் வரைக்கும் போகோணுங்க்கா" என்றாள் கிருபா.

"முழங்கை வரைக்குந்தான் கண்ணு எங்கிட்ட இருக்குது. மேல எப்படிப் போகுதுன்னு சுவரைத்தான் கேக்கோணும்."

"எந்தச் சுவருங்க?"

ரம்லா சொன்னாள். பிரான்சிஸ் சிரித்துவிட்டார். "நம்ம சாப்பாடே அங்கதானுங்க. அடுத்த மாசம் ரெண்டாவது சனிக்கிழமை. காலைல சர்ச்சு, மத்தியானம் மண்டபம். அறுநூறு பேருங்க."

மறுநாளே ரம்லா மண்டபத்துக்குப் போனாள். மழை தொடங்கியிருந்த நேரம். காலியான கூடத்தில் நாற்காலிகள் அடுக்கிக் கிடந்தன. ஜூலைத் தாளைச் சுவரில் வைத்தாள். அடித்தண்டு அச்சாகப் பொருந்தியது. நுனிதான் பொருந்தவில்லை. தாளில் முடிந்துபோன இடத்தைத் தாண்டிக் கொடி ஒரு முழம் மேலே போய், புதிதாக மூன்று கிளை விட்டிருந்தது.

ரம்லாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை மறைப்பதற்கில்லை. தோள் வரைக்கும் வேண்டும் என்று பெண் கேட்கிறாள், சுவர் வளர்த்து வைத்திருக்கிறது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று, புது நுனி ஒவ்வொன்றையும் ஆசையாகப் படி எடுத்தாள்.

கடையில் ஃபஹீமா ஓட்டை போட உட்கார்ந்தாள். ஊசியைத் தூக்கியவள் அப்படியே வைத்துவிட்டாள்.

"அக்கா, இதுல எந்த ஓரத்துல ஓட்டை போடறது? ரெண்டு கோடா வரைஞ்சிருக்கீங்க."

"ரெண்டு கோடா?"

ஆமாம். அடித்தண்டில் ஒரு சாண் தூரத்துக்குக் கோடு இரண்டாக இருந்தது, நடுவில் அரிசி படுக்கிற அளவு இடம் விட்டு. கண்டதை அப்படியே எடுக்கிற கை அது. ஓரம் இரண்டு இருந்ததால் இரண்டையும் எடுத்திருக்கிறது. ஜூலைத் தாளை எடுத்துப் பார்த்தாள். அதே இடத்தில் ஒற்றைக் கோடு. ரம்லா இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பிடித்தாள். வெளியே மழை அடித்துக்கொண்டிருந்தது. வெளிச்சம் தாளுக்குள் வந்ததும், அவள் பதினொரு பெண்களின் கையில் ஏற்றிவிட்டது கொடியல்ல என்று தெரிந்தது.

ஒரு வாரம் பொறுத்துத் திரும்பவும் போனாள். மூன்றாவது தாளில் கொடி இன்னும் நான்கு விரற்கடை ஏறியிருந்தது. பென்சில் முனை சுவருக்குள் போய்விட்டு வந்தது. ரம்லா கூடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்ப் பார்த்தாள். பக்கத்து நிலத்தில் அடுக்குமாடி கட்டுவதற்காகச் சுவரோரம் வரைக்கும் பள்ளம் தோண்டிவிட்டு, வேலையை நிறுத்திப் போயிருந்தார்கள். இரண்டு ஆள் ஆழம். அதில் செந்தண்ணீர் நிறைந்து, அசையாமல், சுவரைத் தலைகீழாகக் காட்டிக்கொண்டிருந்தது. அவள் நின்று பார்க்கும்போதே கரையிலிருந்து ஒரு கட்டி மண் பெயர்ந்து தண்ணீரில் விழுந்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை.

அழகிரிசாமி நல்ல மனுஷன். காப்பி வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் பேசினார்.

"ஏனம்மணி, தோசையப் பாத்தாலும் டிசைனும்பீங்க, பல்லியப் பாத்தாலும் டிசைனும்பீங்க. இப்பச் சுவரா?"

"மூணு தாளு இருக்குதுங்க. தேதி போட்டிருக்கறன். நீங்களே வெச்சுப் பாருங்க."

"மழைக்கு எந்தச் சுவருதான் வெடிக்கல? தை பொறந்து சீசன் முடியட்டும், இஞ்சினியரக் கூட்டிட்டு வந்து காட்டிப்போடலாம். இப்ப பட்டி பாத்தாப் போதும்."

"அந்தப் பள்ளம்?"

"அது என்ற எடமில்லீங்களே" என்றார் அழகிரிசாமி. அதற்குமேல் காப்பிதான் இருந்தது.

ரம்லா மாநகராட்சிக்கு ஒரு மனு எழுதிப் போட்டாள். ரசீது வந்தது. ஆள் வரவில்லை. கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது.

பிரான்சிஸ் வீட்டுக்குப் போய் அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் வீட்டு வாசலில் நின்றிருந்த வேனின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு திரும்பினார்.

"பத்திரிகை வெச்சாச்சுங் அம்மணி. சொந்தம் பூரா மண்டபம் மண்டபம்னு சொல்லிப்போட்டேன். இந்நேரத்துக்கு வேற எங்கீங்க கெடைக்கும்? வெளிய பந்தி போட்டா மழை. உங்களுக்கென்னங்க, ஒரு கோட்டைப் பாத்துட்டு வந்து சொல்லீட்டீங்க."

"ஆமாங்ணா. கோட்டைத்தான் பாத்தேன்."

"விழுமா? கேக்கறேன், விழும்னு சத்தியம் பண்ணுவீங்களா?"

ரம்லாவால் சத்தியம் பண்ண முடியவில்லை. விழாமலும் போகலாம். விழுந்தால், பந்திக்கு இருநூறு பேர். சுவரோர வரிசையில் மட்டும் அறுபது பேர். அந்த வரிசையில் யார் உட்காருவார்கள் என்பதுகூட அவளுக்குத் தெரியும். கிழவிகள், மின்விசிறிக் காற்று ஒத்துக்கொள்ளாதவர்கள்.

கிருபா தாள்களை வாங்கிக்கொண்டு உள்ளே போய், டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பார்த்துப் பழகிய கண்.

"அப்பா, இது ஆறாத எலும்புங்ப்பா. தெனமும் கொஞ்சம் வெலகிட்டு வருது."

"இப்ப என்ன பண்ணச் சொல்ற?"

"பந்திய முன்னாடி ஹால்ல போடலாம். நாற்காலிய எடுத்துட்டு டேபிள் போட்டா நூறு பேரு உக்காரலாம். ஆறு பந்தி ஆகும், ஆகட்டும். ஆருக்கும் ரயில் போகப் போறதில்லை."

பிரான்சிஸ், "உங்க மாமனுங்க மூஞ்சியத் தூக்குவாங்க" என்றார். அதுதான் அவர் சம்மதம்.

அழகிரிசாமியும் ஒத்துக்கொண்டார், ஒரே ஒரு நிபந்தனையுடன். "காரணத்தை மட்டும் வெளிய சொல்லிப்போடாதீங்க. பின்னாடி ஃபேன் ஓடலைன்னு சொல்லுங்க."

ரவிக்கையை என்ன செய்வது என்று ரம்லா கேட்டாள். வேறு டிசைன் போடட்டுமா?

"அதையே போடுங்க்கா" என்றாள் கிருபா. "ஒண்ணு மட்டும் பண்ணுங்க. நுனியில பூ வெச்சு முடிச்சுருங்க. அதுக்கு மேல ஏறக் கூடாது."

அந்தப் பூ எந்தச் சுவரிலும் இல்லை. ரம்லா தன் வாழ்க்கையில் முதல்முறையாக, எதன்மேலும் தாள் வைக்காமல், மூன்று பூவை வரைந்தாள். ஐந்து தாளைக் கிழித்த பிறகுதான் வந்தது.

கல்யாணத்தன்று விடியும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. ஹாலில் பந்தி நடந்தது. நாற்காலி கிடைக்காத மாமன்மார்கள் போர்ட்டிகோவில் நின்று முணுமுணுத்தார்கள். "ஃபேன் ஓடலைன்னா வேர்க்கப் போகுதா, இந்தக் குளிருல?" என்று ஒருவர் கேட்டார். ரம்லா பிரியாணியைக் கையில் எடுத்தும் வாய்க்குக் கொண்டுபோகாமல், பின்பக்கம் பூட்டியிருந்த கூடத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான்காவது பந்தியில் தண்ணீர் டிரம் ஒன்று வேண்டியிருந்தது. டிரம்கள் கூடத்துக்குள் இருந்தன. பரிமாறுகிறவர் சாவி வாங்கிப் போனார். போனவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"பூட்டு தெறக்குதுங்க. கதவுதான் அசைய மாட்டேங்குது. நாலு பேரு தள்ளிப் பாத்தோம்."

"மழைக்கு ஊதியிருக்கும்" என்றார் அழகிரிசாமி, முகத்தைத் திருப்பாமல்.

அது இரும்புக் கதவு. நிலை கீழே இறங்கிக் கதவைக் கவ்வியிருந்தது. ரம்லா கிருபாவைப் பார்த்தாள். மேடையில் நின்றிருந்த கிருபாவும் அந்தப் பேச்சைக் கேட்டிருந்தாள். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். அவள் கையைத் தூக்கி மாலையைச் சரிசெய்தபோது, மணிக்கட்டிலிருந்து தோள் வரை கொடி ஒரு தடவை நெளிந்து அடங்கியது. டிரம்முக்குப் பதிலாகப் பக்கத்துக் கடையிலிருந்து கேன் தண்ணீர் வந்தது. ஆறாவது பந்தியும் முடிந்தது. அறுநூறு பேரும் சாப்பிட்டு, முணுமுணுத்து, தாம்பூலப் பை வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

ஜனவரியில் ஒருநாள், பிரான்சிஸ், கிருபாவின் கல்யாணத்துக்கு வர முடியாமல்போன தன் கொழுந்தியாளைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மாளின் மகளுக்கும் கல்யாணம், ரவிக்கை தைக்க வேண்டும். டிசைன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிரான்சிஸ் கதையை எடுத்தார். வேனில், சர்ச்சில், டீக்கடையில் சொல்லிச் சொல்லி அது நன்றாகக் காய்ச்சிய கதை ஆகியிருந்தது.

"நாங்க பாயசம் குடிச்சுட்டு இருக்கறம். பின்னாடி இடி எறங்குன மாதிரி ஒரு சத்தம். மொத்தச் சுவரும் அப்படியே பள்ளத்துக்குள்ள போயிருச்சு. ஒரு உசுருக்குச் சேதாரமில்லை. இந்த அம்மணி கண்டுபுடிச்சாங்க, ஆண்டவரு காப்பாத்துனாரு."

கொழுந்தியாள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். ரம்லா தலை குனிந்து மணி கோத்துக்கொண்டிருந்தாள். கதை அவள் காதுக்குப் பல தடவை வந்துவிட்டது. அவள் ஒருமுறையும் மறுத்ததில்லை. சுவர் விழுந்தது என்று ஊர் நம்பினால், அந்த மண்டபத்துக்குப் போக நாலு பேராவது யோசிப்பார்கள். தாளைக் காட்டி முடியாததைப் பொய்யாவது செய்யட்டும் என்றுதான் விட்டிருந்தாள்.

எதிர்ப்பக்கம் ஃபஹீமா ஊசியை நிறுத்தவில்லை, தலையைத் தூக்கவும் இல்லை.

"சுவர் விழலைங்ணா. நேத்து எங்க சின்னம்மா ஊட்டு வலிமா, கல்யாண விருந்து, அங்கதான். பட்டி பாத்துப் பெயிண்ட் அடிச்சிருக்காங்க, பளபளன்னு நிக்குது. பந்தி பின்னாடி கூடத்துலதான் போட்டாங்க, எனக்குச் சுவரோரத்துல எடம் கெடைச்சுது. கோடு ஒண்ணுமே தெரியல. கைய வெச்சுப் பாத்தேன், ஈரமா இருந்துச்சு. நாளைக்கு அங்க ரெண்டு முகூர்த்தமுங்க."