யெர்கோவின் காரில் சொட்டிய பிசின்

"குடியிருப்போர் பிரதிநிதி என்பவர் கட்டடத்தின் எல்லா உரிமையாளர்களின் நலனையும் விருப்பு வெறுப்பின்றிச் சமமாகப் பேணுபவர். பொறுமை உடையவர். சொந்த விவகாரங்களைப் பொதுக் காரியத்தில் கலக்காதவர்." கடலோர ஊரான மகார்ஸ்காவில், எங்கள் கட்டடத்தின் தபால் பெட்டிகளுக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் இப்படி ஒரு தாள் தொங்குகிறது. கீழே பார்துலின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கின்றன.

பார்துல் படகுத்துறையில் பயணச்சீட்டுப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். சீட்டு இல்லாதவனைப் பார்க்கும் அதே பார்வையால்தான் இன்றைக்கும் உலகத்தைப் பார்க்கிறார். என் பால்கனித் தக்காளி அவருடையதற்கு முன் சிவந்தால் இரண்டு நாள் வணக்கம் சொல்ல மாட்டார். கீழ்த்தளத்துப் பெரினாவின் கணவர் இறந்தபோது, சவ ஊர்வலத்துக்கு இவ்வளவு கூட்டமா என்று அந்தச் செத்த மனிதர் மேலேயே பொறாமைப்பட்டார். ஆனால் பெட்டியைச் சுமந்தவர்களில் முதல் ஆளும் அவர்தான். இந்த இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ள நான் பல வருடங்களாக முயன்றுவருகிறேன்.

எங்கள் முற்றத்தில் ஒரே ஒரு பைன் மரம். ஜூலை வந்தால் அதன் நிழலில் காரை நிறுத்த ஆளாளுக்கு ஓட்டை நாற்காலி போட்டு இடம் பிடிப்பார்கள். நிழல் கிடைத்தவனுக்குப் பிசினும் கிடைக்கும். வெயிலில் காரை விட்டுவிட்டு உட்கார முடியாமல் தவிப்பவனும், நிழலில் விட்டுவிட்டுப் பிசினைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்பவனும் மறுநாள் இடம் மாறுவார்கள். போன கோடையில் அந்த நிழல் ஒரேயடியாக யெர்கோவிடம் போய்விட்டது. ஜெர்மனியில் முப்பது வருடம் உழைத்துவிட்டு, மனைவியை இழந்து, கருநீலக் கார் ஒன்றோடு திரும்பியிருந்தார். மற்றவர்கள் நாற்காலி போடுவதற்கு முன்பே எழுந்துவிடுகிற பழக்கத்தை அங்கிருந்து கொண்டுவந்திருந்தார்.

முதல் வாரமே கார் முகப்பெல்லாம் பிசின் பொட்டுகள். யெர்கோ பையிலிருந்து வங்கி அட்டையை எடுத்துச் சுரண்டத் தொடங்கினார். பார்துல் பால்கனியில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்து ரசித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி தின்காவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"யெர்கோ! சுரண்டாதே! பிசினோட பெயிண்டும் வந்துரும்!"

"சுரண்டாம எப்படிப் போகும்? கல்லு மாதிரி இருக்கு."

"கல்லா இருந்தா ஊற வைக்கணும். நில்லு, வர்றேன்."

என் பால்கனி அவர்களுடையதற்கு நேர் மேலே. கேட்காமல் இருப்பதற்குத்தான் முயற்சி வேண்டும்.

"எங்க போற?" என்றார் பார்துல்.

"கீழ."

"கையில என்ன?"

"எண்ணெய்."

"நம்ம தோட்டத்து ஆலிவ் எண்ணெயா? அது மீனுக்கு வெச்சதும்மா!"

"மீனு ஒண்ணும் கோவிச்சுக்காது."

தின்காவின் அண்ணன் படகு கடற்கரைப் பைன் மரங்களுக்கு அடியில்தான் கரையேறி நிற்கும். பிசின் அவளுக்குப் புதிதல்ல. பழைய பனியன் துணியை எண்ணெயில் நனைத்து ஒவ்வொரு பொட்டின் மேலும் வைத்தாள். ஊறும்வரை காத்திருக்கச் சொன்னாள். காத்திருக்கும் நேரத்தில் யெர்கோ காபி போட்டுக்கொண்டு வந்தார். பிறகு இருவரும் குனிந்து, அழுத்தாமல், மெதுவாக வழித்தெடுத்தார்கள். கடைசியில் சோப்புத் தண்ணீர். அப்புறம் மெழுகு. நடுவில் யெர்கோ என்னவோ சொல்ல, தின்கா காரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

"பார்துல், கண்ணைக் கொஞ்சம் உள்ள இழுத்துக்கோ," என்று கீழிருந்து பெரினா கத்தினாள். "என் பூச்சட்டி மேல விழுந்துரப் போகுது."

மரம் சொட்டுவதை நிறுத்தவில்லை. தின்கா ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் எண்ணெய்ப் புட்டியோடு இறங்கினாள். பார்துலுக்கு உடம்பு இளைத்தது. தான் கடைசியாக அவளை எப்போது அப்படிச் சிரிக்க வைத்தோம் என்று அவர் கணக்குப் பார்த்திருக்க வேண்டும். விடை கிடைத்ததாகத் தெரியவில்லை.

ஒரு நாள் மதியம் யெர்கோவை முற்றத்தில் மடக்கினார். கையில் தான் வடித்த ராக்கியா, திராட்சைச் சாராயம்.

"எண்ணெய் எல்லாம் சாலட்டுக்குப்பா. பிசினுக்கு ராக்கியாதான். துணியை நல்லா நனைச்சுப் போடு, வெயில்ல விட்டுட்டுப் போய்ச் சாப்பிடு. வந்து பார்த்தா இருக்காது."

"எங்கப்பாகூட அப்படித்தான் சொல்வாரு."

"உங்கப்பா விவரமானவரு."

அவர் கெடுக்க நினைத்துச் சொன்னாரா, உதவத்தான் சொன்னாரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது. எங்கள் ஊர் ஆண்கள் பல்வலிக்கும் முழங்காலுக்கும் ஜன்னல் கண்ணாடிக்கும் ராக்கியாவைத்தான் தடவுகிறார்கள். அவரும் பாதி நம்பித்தான் கொடுத்திருப்பார். மீதிப் பாதியைப் பற்றித்தான் சந்தேகம்.

சாப்பிட்டுவிட்டு வந்து துணியை எடுத்தபோது பிசின் போயிருந்தது. அதோடு பளபளப்பும் போயிருந்தது. கருநீலத்தின் நடுவே ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, மூச்சு விட்ட கண்ணாடி மாதிரி வெள்ளைத் திட்டு.

"அட கடவுளே! எந்தப் புண்ணியவான் இதைச் சொன்னான்?" என்றாள் தின்கா.

யெர்கோ ஒரு கணம் மேலே பால்கனியைப் பார்த்தார். "யாரும் சொல்லலை. நானாத்தான் செஞ்சேன். புத்தி இல்லை."

காட்டிக்கொடுத்திருந்தால் பார்துல் சண்டை போட்டு நிம்மதியடைந்திருப்பார். காட்டிக்கொடுக்காத பெருந்தன்மையும் அவனிடமே இருக்கிறதே என்பதுதான் அவரை வாட்டியது. போதாததற்கு, அந்தத் திட்டைத் தேய்த்துப் பழையபடி மின்ன வைக்க அந்த வாரம் முழுக்கத் தின்கா தினமும் இறங்க வேண்டியதாயிற்று. தினமும் காபி. ஒரு நாள் அத்திப்பழமும்.

அந்த வாரம் பார்துல் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தாலும் கவனித்திருக்க மாட்டார். கண் முழுக்கக் கீழேதான். எவ்வளவு எண்ணெய், எவ்வளவு நேரம், துணியை எந்தப் பக்கம் மடிக்கிறாள், சூடான தகரத்தில் ஏன் கை வைப்பதில்லை, எல்லாவற்றையும் பொறாமை அவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது. ஆசையோடு கற்றிருந்தால் பாதிகூட மனதில் நின்றிருக்காது.

திட்டு மறைந்த மறுநாள். தின்கா எண்ணெய்ப் புட்டியோடு இறங்கினாள். கார் துடைத்துவைத்த தட்டு மாதிரி இருந்தது.

"ரொம்ப நன்றி தின்கா. இவ்வளவு சீக்கிரமே வந்து துடைச்சுட்டியா?" என்றார் யெர்கோ.

"நான் இப்பத்தானே வர்றேன்."

"அப்போ யாரு துடைச்சது?"

"வானத்துலேருந்து தேவதை வந்திருக்கும்," என்றாள் பெரினா. "கால் செருப்பு மட்டும் நம்ம பிரதிநிதியோடது மாதிரி சத்தம் போட்டுது."

தின்கா புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். எண்ணெய் எங்கே வரை இறங்கியிருக்கிறது என்று பார்த்திருப்பாள். துடைக்க வேலை இல்லாததால் அன்றைக்கு அவளுக்கும் யெர்கோவுக்கும் காபி குடிக்க இன்னும் அதிக நேரம் கிடைத்தது. மேலே பார்துல், விடியலுக்கு முன் எழுந்த களைப்பில், நாற்காலியில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். எதைத் தடுக்க எழுந்தாரோ அதைப் பார்க்கக்கூட அவர் விழித்திருக்கவில்லை.

பார்துலுக்குத் தெரியாமலா இருக்கும்? தூங்கி எழுந்தால் இரண்டு காலிக் கோப்பைகள் காரின் மேலே இருக்கத்தானே செய்தன. சில நாள் கழித்து மாடிப்படியில் கேட்டே விட்டேன்.

"பார்துல், நீங்க துடைக்கத் துடைக்க அவங்க பேச்சுதானே நீளுது?"

"பேசட்டும்," என்றார் முகத்தைச் சுளித்து. "எவன் கார் மேலயும் என் பொண்டாட்டி கை படக்கூடாது."

செப்டம்பரில் முதல் மழை வரும்வரை, தினமும் வெளிச்சம் வருவதற்குள் பார்துல் கீழே இறங்கி, தன் தோட்டத்து எண்ணெயை ஊற்றி, யெர்கோவின் காரிலிருந்து பிசினை ஒரு கீறல் விழாமல் எடுத்துவிட்டு வந்தார்.