இரட்டையரில் என் வீட்டுக்காரர்

என் வீட்டுக்காரர் கீபோர்டு வாசிக்கிறவர். அவருடைய கூட்டாளி பாடுகிறவர். நான் அண்ணே என்று கூப்பிடுவேன். ஊர் உலகத்துக்கு இருவரும் இரட்டையர்.

நிகழ்ச்சி முடிந்ததும் காருக்குள்ளேயே பணத்தைப் பிரித்துக்கொள்வார்கள். வழியில் குடித்த டீக்காசு உட்பட எல்லாம் சரிபாதி. இதில் இரண்டு பேருக்கும் பெருமை வேறு. அப்புறம் எப்படி அண்ணனுக்கு மாடி வீடு, எங்களுக்கு ஒழுகுகிற வாடகை வீடு? பாட்டுகள் எல்லாம் எங்கள் சமையலறையில்தான் பிறந்தன. இவர் ஒரு மெட்டைப் போடுவார், அண்ணன் அதில் வார்த்தைகளை உட்கார வைப்பார். அவற்றின் உரிமையைப் பதிவு செய்யப் போகவேண்டிய அன்று, வரிசையில் நிற்கச் சோம்பல்பட்டு, "உன் பேரையே போட்டுக்கடா, நமக்குள்ள என்ன" என்று சொல்லிவிட்டு இந்த மகராசன் வீட்டில் படுத்துத் தூங்கினார். ரேடியோவில், கடையில், கைப்பேசியில் என்று அந்தப் பாட்டு எங்கே ஒலித்தாலும் காசு பேர் உள்ளவருக்குத்தான் போகும். வாசித்தவருக்கு வாசித்த அன்றைய கூலி மட்டும். இது புரிய எங்களுக்கு வெகுகாலம் ஆனது. புரிந்த பிறகும் இவர் வாயைத் திறக்கவில்லை. கேட்டால் நட்பு கெட்டுவிடுமாம். நட்பைச் சட்டியில் போட்டு வேகவைக்க முடியுமா?

இப்போது அந்தக் கோபத்துக்குக்கூட எனக்கு நேரமில்லை, பயம்தான். இவருடைய வலதுகை விரல்கள் மரத்துக்கொண்டே வருகின்றன. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். கழுத்து நரம்புக் கோளாறு, இனிச் சரியாகுமா என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். அண்ணன் காதுக்குப் போகக்கூடாது என்று இவர் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். போன நிகழ்ச்சியில் நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வேகமான இடம் வரும்போதெல்லாம் இவர் இடதுகையைக் கொண்டுவந்து சமாளித்தார். கடைசிப் பாட்டில் ஒரு சுரம் தப்பியது. அண்ணன் பாடிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். தொலைந்தோம், இனி வேறு ஆளைப் போட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையிலேயே அண்ணன் வந்துவிட்டார். தேநீரைக்கூடத் தொடவில்லை.

"உன் கையைக் கவனிச்சுட்டுத்தான்டா இருக்கேன். உன் இடத்துல வேற எவனையும் உக்கார வைக்க மாட்டேன். ரெண்டு பேருமே மேடையை விட்டுடுவோம். போதும்டா."

அவர் கண் கலங்கியிருந்தது. என் மனதில் கணக்குத்தான் ஓடியது. வேறு ஆள் வந்தால் பாதிக்கூலிக்காவது கெஞ்சலாம், மேடையே இல்லையென்றால் யாரிடம் போய்க் கெஞ்சுவது?

"நீங்க விடலாம்ண்ணே. நீங்க தூங்கினாலும் உங்க பாட்டு சம்பாதிக்கும். இவரு வாசிச்சாத்தான் எங்க வீட்டுல அடுப்பு எரியும்."

"என்ன தங்கச்சி சொல்ற? நமக்கு எல்லாமே பாதிப் பாதிதானே?"

அவர் நடிக்கவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

"அவ ஏதோ உளர்றா, விடு" என்றார் இவர். வலதுகையை அண்ணன் பக்கம் நீட்டினார். முகம் மட்டும் என் பக்கம், எரித்துவிடுவதுபோல.

"கைக்கு ஒண்ணும் இல்லடா. வேணும்னா கிள்ளிப் பாரு."

அண்ணன் அந்த விரல்நுனியைப் பிடித்து நகம் பதியக் கிள்ளினார். இவர் என்னை முறைத்தபடியே இருந்தார்.

"கிள்ளுடா, ஏன் யோசிக்கிற?"