நேராக நிற்காத பனிமலை

நான் பேய் பிசாசை நம்புகிறவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் பாதியில் சிரிக்கப்போகிறீர்கள். ராயபுரத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பிரேம் கடை வைத்திருக்கிறேன். சாமி படம், கல்யாண போட்டோ எல்லாம் செய்வேன், ஆனால் எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஹாலில் மாட்டுகிற பெரிய ஓவியங்கள்தான். வெளிநாட்டு மியூசியத்தில் தொங்குகிற ஓவியத்தை கேன்வாஸில் பிரிண்ட் எடுத்து, சட்டம் போட்டு, நானே வீட்டுக்குப் போய் மாட்டிவிட்டு வருவேன். கொருக்குப்பேட்டையில் தண்டவாளத்தை ஒட்டிய வீடுகளில் கூட்ஸ் வண்டி போனால் தட்டு டம்ளரெல்லாம் ஆடும், என் படம் ஆடாது. செல்வராஜ் மாட்டினால் சாயாது என்று இந்தப் பக்கம் சொல்வார்கள், யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் பக்கம் கடல் படம் விற்காது, அது தெரியுமா? அலையும் பாய்மரமும் கடலை விட்டுத் தள்ளியிருக்கிற மாதவரத்துக்காரர்கள் வாங்குவார்கள். ஹார்பரிலும் காசிமேட்டிலும் வேலை செய்கிறவர்களுக்கு வீட்டுக்குள்ளும் அதே தண்ணீரா என்று இருக்கும். அவர்கள் கேட்பது பனிமலை, பச்சைப் புல், அதில் நாலு மாடு.

ரோஸி அக்கா கேட்டதும் பனிமலைதான். அவருடைய வீட்டுக்காரர் சூசை அண்ணன் சொந்தமாக லாஞ்சு வைத்து மீன் பிடித்தவர், போன வருடம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். சொந்த வீடு என்று ஒன்று வந்தால் ஹாலில் பனிமலை மாட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்த மனிதர். அக்கா திருவொற்றியூரில் இரண்டாவது மாடியில் வாங்கிய புது பிளாட்டுக்குக் குடிபோனதும் நேராக என் கடைக்கு வந்தார். ஆட்டோவில் நீளமாக ஒரு பலகை. லாஞ்சை உடைத்தபோது முன்பக்கத்துப் பலகையை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்திருக்கிறார்.

"சட்டம் இதுலதான் போடணும் தம்பி. அவருதான் மலைய பாக்காம பூட்டாரு. நம்ம லாஞ்சாவது பாக்கட்டும்."

படகு மரத்தில் சட்டம் போடுவது லேசான வேலை இல்லை. எங்கு பார்த்தாலும் ஆணி ஓட்டை, உப்பு ஊறிய மரம், இரண்டு ரம்பம் பல் போனது. ஒரு வாரம் இழைத்தேன். மெருகு ஏறியதும் வந்த நிறத்தை வாசல் வெயிலில் வைத்து வைத்துப் பார்த்தேன். அதுபோல் ஒரு சட்டத்தை இந்த ஊரில் வேறு எவனும் செய்திருக்க மாட்டான். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ரசமட்டம் வைத்துப் பார்த்து, இரண்டு கொக்கியில் மாட்டிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் போன் வந்தது. "கோச்சிக்காத தம்பி. படம் சாஞ்சிகினு கீது."

எனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. எண்ணூர் ரோட்டில் போகிற கன்டெய்னர் லாரிதான் காரணம் என்று நினைத்தேன். மறுநாள் காலை போய், படத்தை நேராக்கிவிட்டு, எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். லாரிகள் போயின, ஒன்றும் ஆகவில்லை. பன்னிரண்டு மணி இருக்கும், ரோட்டில் ஒரு வண்டி இல்லை, மின்விசிறியையும் நிறுத்தி வைத்திருந்தேன், நம்பினால் நம்புங்கள், என் கண் முன்னால் படத்தின் இடது மூலை மெதுவாக ஒரு விரல் அளவு இறங்கியது. நேராக்கினேன். மறுபடி இறங்கியது. சாயங்காலம் ஆறு மணிக்குத் தானாகவே வலது பக்கம் சாய்ந்து நின்றது.

அக்கா சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டு சாதாரணமாகச் சொன்னார். "நேத்து பதினோரு மணிக்கு சாஞ்சது, இன்னிக்கி பன்னெண்டு. கடலு ஏறும்போது இந்தப் பக்கம், எறங்கும்போது அந்தப் பக்கம். முப்பது வருசமா அந்த நேரத்த பாத்து சோறு ஆக்குனவ நானு. எனக்குத் தெரியாதா?"

நான் சிரித்தேன். உள்ளுக்குள் கோபம். இருபத்திரண்டு வருடப் பேரை ஒரு பலகை கெடுப்பதா? மறுநாள் டிரில்லோடு போய், சட்டத்தின் நான்கு மூலையிலும் நீள ஸ்க்ரூ போட்டுச் சுவரோடு முடுக்கிவிட்டேன். "இனிமே எப்பிடி சாயுதுன்னு பாக்கலாம்க்கா" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து, டீக்கடையிலும் சொல்லிச் சிரித்தேன்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் அக்கா போன் செய்தார். எடுத்ததுமே போனைச் சுவர்ப் பக்கம் பிடித்தார். எனக்குக் கேட்டது. வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். கரையில் கட்டிப்போட்ட லாஞ்சு கயிற்றை இழுக்கும்போது மரம் முனகுமே, அந்தச் சத்தம் ஹால் முழுக்க இருந்தது. ஸ்க்ரூ இறங்கிய இடத்தில் புதுச் சுவர் மயிரிழைபோல் விரிந்திருந்தது. அக்கா சட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

"கட்டிப்போட்டியே தம்பி. ஆஸ்பத்திரில கைய கட்டிலோட கட்டி ஊசி போட்டாங்களே, அவரும் இப்பிடிதான் இழுத்துகினு கெடந்தாரு. அவுத்து வுட்டுரு."

அதற்கு மேல் எனக்கு என் பேர் முக்கியமாகப் படவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றினேன். நாலாவது ஸ்க்ரூ வெளியே வந்ததும் சத்தம் நின்றது. நடுவில் ஒரே ஒரு கொக்கி அடித்து மாட்டினேன். பனிமலை மெல்ல இடது பக்கம் சாய்ந்தது. அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு டீ போடப் போனார்.

இன்றைக்கும் அங்கே வருகிறவர்கள், யார் இதைக் கோணலாக மாட்டியது என்று கேட்கிறார்களாம். என் பேரையே சொல்லச் சொல்லியிருக்கிறேன். நான் செய்த நூற்றுக்கணக்கான சட்டங்களில் அதுதான் உசத்தி, யாரிடமும் சொல்வேன்.

அந்த ஸ்க்ரூக்களைப் பற்றி மட்டும் யாரிடமும் சொல்வதில்லை. அன்றைக்குக் கடைக்கு வந்து சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். புது டப்பா பிரித்துப் போட்டவை, நான்கும் துருவேறிக் கருத்திருந்தன. உப்புக்காற்று என்பீர்கள், நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒன்றின் முனையில், சுவருக்குள் இருந்த முனையில், கப்பல் அடியில் ஒட்டுகிற சிப்பி கடுகளவு ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. ஒரு பாட்டில் மூடியில் தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டுக் கலக்கி அதற்குள் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அது வாயைத் திறந்தது.