நலமானவரின் இரத்தம்

ஹில்ஸ்பரோவில் வசிக்கும் தயாளினி, ஓர் ஆய்வுகூடத்தில் இரத்தத்தின் வெள்ளை அணுக்களைக் கருவியில் விட்டுப் பார்ப்பவள். குடலில் கிருமி புகுந்தால் அந்த அணுக்கள் தம் மேற்பரப்பில் சில மூலக்கூறுகளை வழக்கத்தைவிட அதிகமாக ஏந்திக்கொண்டு நிற்கும், சாயமிட்டால் மினுங்கும். நோயாளிகளோடு ஒப்பிட நலமான ஒருவரின் இரத்தமும் வேண்டுமல்லவா? அதற்கு அவள் தன் கையையே நீட்டிவிடுவாள். தன் வயிறு கல்லையும் செரிக்கும் என்று அவளுக்கு அவ்வளவு பெருமை.

ஒரு ஞாயிறு கணவர் யோகராசா வீட்டுப் பின்வளவில் கரி மூட்டிக் கோழி சுட்டார். அந்த வாரம் அவர் வேலைக்குப் போனதும் தயாளினி கழிவறைக்கும் கட்டிலுக்குமாக அலைந்தாள். கோழி உள்ளே சரியாக வேகவில்லை என்று தெரிந்தால் அவர் முகம் வாடிவிடுமே என்று, "கோழி திறம், நல்ல ருசி" என்றே அவரிடம் சொல்லிவைத்தாள். வயிறு அடங்கியதும் வழக்கம்போல் இரத்தம் கொடுத்தாள்.

திரையைப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. 'நலமானவர்' என்று பெயரிட்ட அணுக்கள் நோயாளிகளுடையவற்றைப் போலவே மினுங்கின. குழாய் மாறிவிட்டதோ என்று பதறித் தேடியவள், சட்டென்று கோழியை நினைத்துச் சிரித்துவிட்டாள்.

மறு ஞாயிறு யோகராசா மீண்டும் கரி மூட்டினார்.

"எனக்குக் கோழி வேண்டாம், சுட்ட கத்தரிக்காயே காணும்," என்றாள்.

"ஏன், போனமுறை திறம் எண்டு சொன்னனீர்?"

"ஓம், நான் அப்பிடித்தான் சொன்னனான். என்ர ரத்தம்தான் காட்டிக் குடுத்துப்போட்டுது."